ஒரே கைப் பின்னல்

எங்கள் பின்கட்டுக்கும் பக்கத்து வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருக்கிறது. சுவர் என்பது பேச்சுக்குத்தான். இரண்டு வீட்டுக்கும் குழாய் ஒன்று, சாக்கடை ஒன்று, சண்டையும் ஒன்று. அந்த வீட்டில் ஆட்டு ரோமம் ஊறப்போட்ட அன்று என் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. வெட்டி வந்த பச்சை ரோமத்தில் ஆடு மட்டுமா இருக்கிறது? அது படுத்த தரை, தின்ற புல், போட்ட புழுக்கை எல்லாம் இருக்கிறது. வெந்நீர் பட்டதும் அத்தனையும் எழுந்து வந்து நம் மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். நான் தையல்காரி. வாடிக்கையாளர் கொடுத்த துணியில் அந்த வாடை ஏறினால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். அதனால் அந்த வீட்டைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த வீட்டுக்காரருக்குக் கம்பளிக் கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலை. தெருவில் அவருக்குப் பெயரே மூட்டை. தூக்குவதால் மட்டும் வந்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது கொட்டிப்போகும் என்பது போல எப்போதும் கட்டியே வைத்திருப்பார். கிடங்கிலிருந்து அவர் ரோமம் கொண்டுவருவார். வீட்டுக்காரி அதைக் கழுவி, சிக்கெடுத்து, நூற்று, ஸ்வெட்டர் பின்னிப் பெரிய தெருக் கடைக்குக் கொடுப்பாள். அவள் கை இளகிய கை. அவள் பின்னியதை எடுத்தால் உள்ளங்கையில் வழியும்.

அவள் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் விட்டுப்போனது இரண்டு. ஒன்று அவள் மகள், எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிற பள்ளிக்கூடத்துப் பெண். மற்றொன்று, குட்டிக்காகப் பின்னிக்கொண்டிருந்து பாதியில் நின்றுபோன பழுப்பு ஸ்வெட்டர். ஊசிகள் குத்தியபடியே இருந்த அதைக் குட்டி தன் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்தாள். தூசு தட்டக்கூட யாரையும் விடவில்லை. படுக்கும்போது கையை நீட்டி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தூங்குவாளாம்.

வருடம் திரும்புவதற்குள் மூட்டை இன்னொருத்தியைக் கூட்டிவந்தார். அதே கிடங்கில், ரோமத்தைத் தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை செய்தவள். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். "இத்தனை வருஷம் தரம் பிரிச்சவளை இப்பத்தான் ஒருத்தர் தரம் பாத்து எடுத்திருக்காரு" என்று தெருவில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல ஜோக்தான். வந்த வாரமே அவளுக்கு ரெண்டாவது என்று பெயர் விழுந்துவிட்டது. "ரெண்டாவது குழாயடிக்கு வந்தாளா?" "ரெண்டாவது இன்னைக்கு என்ன ஊறப்போட்டிருக்கா?" அவள் காதில் விழும்படியே பேசுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். வேறு எப்படிக் கூப்பிட்டால் திரும்புவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

மூட்டை அவளைக் கட்டிக்கொண்டதற்குக் காரணத்தை மறைக்கவில்லை. "புள்ளைக்கு ஒரு ஆள் வேணும். கடைக்கு ஒரு கை வேணும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அவ்வளவு நீளமாக அவர் பேசியதே அதிசயம். தனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை என்பதை நான் கவனித்தேன். அவளும் கவனித்திருப்பாள்.

ரோம வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது சொல்லத்தான் வேண்டும். பழைய போர்வையைப் பின்கட்டில் விரித்து, முழு ஆட்டு ரோமத்தையும் அதன்மேல் பரப்புவாள். தோள் பக்கம் தனி, முதுகு தனி, தொடை தனி. ஒரு கற்றையைப் பிய்த்துக் காதருகே வைத்துச் சுண்டி இழுப்பாள். சத்தம் சரியாக இருந்தால் நல்ல ரோமம். நறநறவென்றால் அந்த ஆடு நடுவில் நோய்ப்பட்டிருக்கிறது, ரோமம் அந்த இடத்தில் அறும். ஊறப்போட்ட தொட்டியில் அமுக்குவாளே தவிரக் கிளறமாட்டாள். சூடான தண்ணீரில் கிளறினால் ரோமம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கட்டித் தட்டிப்போகும், பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

ஆனால் பின்னலில் அவள் கை இறுகிய கை. கண்ணி நழுவிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் போடுவாள். கடைக்காரர் முதல் ஸ்வெட்டரைத் தரையில் நிற்கவைத்துப் பார்த்தாராம். "நிக்குதேம்மா! உள்ளே ஆளே வேணாம் போல இருக்கே" என்றாராம். ஆனாலும் முரட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

இதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. தெரு கூப்பிட்டது, கடைக்காரர் சிரித்தது, மூட்டை பேசாதது எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிடுவாள். குட்டி அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது மட்டும் அவளால் விழுங்க முடியாததாக இருந்தது. சித்தி என்றுகூட இல்லை. பக்கத்திலேயே அவள் நிற்கும்போது அப்பாவைப் பார்த்து, "எனக்குச் சாப்பாடு போடச் சொல்லுங்க" என்பாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு தோழி, "அது யாருடி?" என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுல ரோமம் கழுவுற ஆளு" என்றாள். குடை எடுத்துக்கொண்டு போய் நின்றிருந்த இவள் அதைக் கேட்டுவிட்டு, குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தாள்.

குட்டி லேசுப்பட்டவள் இல்லை. ரோமத்திலிருந்து பொறுக்கிப் போடும் ஒட்டுமுள்ளையெல்லாம் சேர்த்துவைத்து இவள் படுக்கையில் தூவுவாள். இவளும் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஒரு விடுமுறை நாள் முழுக்கக் குட்டியை உட்காரவைத்து, தொடை ரோமத்தில் காய்ந்து ஒட்டிய புழுக்கையைக் கையால் பிய்க்கவைத்தாள். குட்டி வாந்தி எடுத்தாள். "உங்கம்மாவும் பிச்சுப்போட்ட அசிங்கம்தானே? அவளுக்குக் குமட்டலையா?" என்று இவள் கேட்டது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. மூட்டை டீக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். சின்னப் பெண்ணிடம் இப்படியா பேசுவது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மறுநாள் இவள் முதுகில் முள் கீறிய தடத்தைப் பார்த்ததும் ஆத்திரத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை.

இதற்கு நடுவில் குட்டியின் பெரியம்மா வேறு. செத்தவளின் அக்கா. விடுமுறை தோறும் வந்து, தெரு பார்க்கக் குட்டியின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அடித்த தழும்பு இருக்கிறதா என்று தேடுவாள். "என் தங்கச்சி பெத்த தங்கம் இப்படி இளைச்சுப் போச்சே" என்று மூக்கைச் சிந்துவாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவ்வளவு பாசம் இருந்தால் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? கேட்டால், "எங்க வீட்டுல இடம் எங்கே இருக்கு?" என்பாள். அவள் வீட்டில் அவள் உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்திருக்காது.

ஒருநாள் குழாயடியில் ரெண்டாவது என்னிடம் மனசைத் திறந்துவிட்டாள்.

"அம்மான்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்க்கா. அப்புறம் முள்ளைப் போடட்டும், கல்லைப் போடட்டும்."

"சித்தின்னு கூப்பிட்டா ஆகாதா?"

"சித்தின்னா மூத்தவளுக்கு அப்புறம் வந்தவ. தெரு சொல்றதையேதான் அதுவும் சொல்லுது. எனக்கு அம்மாங்குற வார்த்தைதான் வேணும்."

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவளும் ரிப்பன் வாங்கிக் கொடுத்தாள், தலை பின்னிவிடக் கூப்பிட்டாள், காய்ச்சலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மி நகரவில்லை. இவள் கால்தான் வீங்கியது.

அந்த வருடம் குளிர் முன்னதாகவே வந்தது. குட்டிக்குப் பழைய ஸ்வெட்டரின் கை முழங்கைக்கு ஏறிவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், ஆணியில் இருந்த பாதி ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். ரெண்டாவது அங்கே உட்கார்ந்து பல்பலகையில் ரோமத்தைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"இதை முடிக்கணும்" என்றாள் குட்டி.

ரெண்டாவது சுற்றிலும் பார்த்தாள். "என்கிட்டயா சொல்ற?"

"இங்க வேற யாருக்குப் பின்னத் தெரியும்?"

இவள் கையை உடையில் துடைத்தாள். ஒரு தடவை போதாது என்று மறுபடியும் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் ஸ்வெட்டரை வாங்கினாள்.

"முடிச்சுத் தரேன். நீ எனக்கு என்ன தருவ?"

"என்ன வேணும்?"

அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அம்மான்னு கூப்பிடுவியா?"

குட்டி யோசித்தாள். காய்கறி வாங்குகிறவள் மாதிரி ஸ்வெட்டரையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள்.

"நல்லா முடிச்சாக் கூப்பிடுறேன். ஆனா எங்கம்மா போட்ட மாதிரியே இருக்கணும். வித்தியாசம் தெரியக் கூடாது. கோடு கீடு தெரிஞ்சா கூப்பிட மாட்டேன்."

"தெரியாது கண்ணு. தெரியவே தெரியாது."

அன்று தண்ணீர் பிடிக்க வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருத்தி இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இப்படி மலரக் கூடாது. பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும்.

முதல் சிக்கல் நூல். மூத்தவள் அந்தப் பழுப்பை எந்த ஆட்டிலிருந்து எடுத்தாள் என்று மூட்டையைக் கேட்டால், "ஆடு" என்றார். இவளே கிடங்குக்குப் போய்ப் பழைய ஆட்களைப் பிடித்து, விற்காமல் கிடந்த மூட்டைகளுக்குள் தலையை விட்டுத் தேடினாள். நிழல் படிந்தது போன்ற பழுப்பில், நுனி மட்டும் வெயிலில் வெளுத்த ஒரு ரோமம் கிடைத்தது. "அதே ஆடோ, அதோட தங்கச்சியோ தெரியலக்கா. ஆனா அதே வீட்டு ஆடு" என்று அதை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். எனக்கு மதியச் சாப்பாடு போயிற்று.

பிறகு அந்த வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போகவிடாமல் கொஞ்சம் மிச்சம் வைத்தாள், மூத்தவள் நூலில் அந்த மிச்சம் இருந்தது என்று. சுவர் மேல் பரப்பிக் காயவைத்து, விரலால் உதிர்த்து முள் பொறுக்கி, வெளுத்த நுனியை எல்லாம் கத்தரித்துப் போட்டாள். கம்பிப் பல் வைத்த பல்பலகை இரண்டுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சாக்கி, தக்ளியில் நூற்றாள். ஒவ்வொரு முழத்துக்கும் மூத்தவள் நூலைப் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். தடிமன் கூடினால் அறுத்துப் போட்டுவிடுவாள். அடுப்பில் ஒரு கண், தக்ளியில் ஒரு கண் என்றால் எது உருப்படும்? ஒருநாள் மூட்டை தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "சாப்பாட்டுல மயிர்" என்றார். அந்த மாதம் அவர் பேசியது அது ஒன்றுதான். தெருவே இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

நூல் அச்சு அசலாக வந்துவிட்டது. சிக்கல் கையில் வந்தது. மூத்தவள் விட்ட இடத்திலிருந்து இவள் பின்னத் தொடங்கினாள். கொஞ்சம் ஏறியதும் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், குறுக்கே ஒரு கோடு. கீழே இளகிய பின்னல், மேலே பலகை. வெள்ளம் வந்து வடிந்த சுவரில் தெரியுமே, அப்படி. தான் போட்டதைப் பிரித்தாள். பெரிய ஊசி வாங்கிப் போட்டாள். கோடு. கையைத் தளர்த்திப் போட்டாள், கண்ணி ஒன்று பெரிது ஒன்று சிறிதாக வந்தது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போட்டுப் பார்த்தாள், பராக்குப் பார்த்துக்கொண்டே போட்டாள். கோடு அங்கேயே இருந்தது.

சுவரருகே வந்து, "தெரியுதாக்கா?" என்றாள்.

"தெரியுது."

"நீங்க தையக்காரி. உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தான் முதல்ல தெரியும்" என்றேன்.

வீட்டிலிருந்து பின்னிக் கொடுக்கிற பெண்கள் எல்லோருக்கும் ஒரு சட்டம் உண்டு. ஓர் ஆடை, ஒரு கை. கடைக்காரர் எந்த ஸ்வெட்டரையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். அம்மாவும் பெண்ணும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். "ரெண்டு கை" என்று சொல்லித் திருப்பி எறிவார். ஒருத்தி தொடங்கியதை இன்னொருத்தி முடிக்க நேர்ந்தால் அடி வரை பிரித்துவிட்டு முதலிலிருந்து போடுவதுதான் வழக்கம். அதில் யாரும் யோசிப்பதே இல்லை. ரெண்டாவது கடைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினாள். "பிரிச்சுப் போடும்மா. இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார் அவர். அவருக்கு அது ஸ்வெட்டர்.

குட்டி பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்திருக்கிறாள். எனக்கு அன்று தெரியாது. கொடியில் பழுப்பு நூல் கண்டுகள் கல் கட்டித் தொங்கியதைப் பார்த்தேன். பின்னிப் பிரித்த நூலில் சுருள் விழுந்திருக்கும், நனைத்துக் கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். நான் புது நூல் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைப் பற்றிப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். "பிரிக்கும்போது கை நடுங்கும்னு நினைச்சேன்க்கா. நடுங்கல. சரசரன்னு வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், நல்லா இருந்துச்சு. வரிசை வரிசையா அவ இந்த வீட்டை விட்டுப் போற மாதிரி இருந்துச்சு." இதைக் கேட்டபோது எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. இதைச் சொல்கிற தைரியம் எனக்கு வந்திருக்காது என்று தோன்றியதும் கொஞ்சம் பிடித்தும் போனது.

இன்னொன்றும் சொன்னாள். காய்ந்த கண்டை உருண்டையாகச் சுற்ற, குட்டியையே கூப்பிட்டிருக்கிறாள். குட்டி எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருக்க, அந்தக் கைகளில் மாட்டிய நூலை இவள் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறாள். "அம்மாவும் இப்படித்தான் கையை நீட்டச் சொல்லுவா" என்று குட்டி சிரித்தாளாம். அம்மா போட்ட கண்ணிகள்தான் தன் கை வழியாக ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும், முடித்ததும் பார்க்கட்டும் என்று பையில் மறைத்து மறைத்துப் பின்னினாள்.

அந்த நாட்களில் குட்டி மாறிவிட்டாள் என்பதுதான் கொடுமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "முடிஞ்சுதா?" என்று ஓடிவருவாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். படுக்கையில் முள் விழுவது நின்றது. தலை பின்னக்கூட உட்கார்ந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். திரண்டு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஸ்வெட்டர் முடிந்ததும் ஒரு விடுமுறை நாளில் ரெண்டாவது என்னையும் கூப்பிட்டாள். பெரியம்மா வந்திருந்தாள். மூட்டை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரெண்டாவது தன் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து, குட்டியின் தலைவழியாகப் போட்டுவிட்டாள். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. எடுத்த அளவுதானே. பெரியம்மா தையலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் குறை கிடைக்காமல், "நல்லாத்தான் இருக்கு" என்றாள், கசப்பு மருந்து குடித்த முகத்தோடு. குட்டி கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே கட்டிக்கொண்டாள். மூட்டை சிரித்தார். அவருக்குப் பல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

ரெண்டாவது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வார்த்தை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

குட்டி திரும்பி, "அம்மா போட்டது எதுவரைக்கும்?" என்று கேட்டாள்.

"நீயே கண்டுபிடி பாக்கலாம்" என்றாள் இவள்.

குட்டிக்கு விளையாட்டாகிவிட்டது. ஓரத்தைத் தூக்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். வயிற்றில் விரலை வைத்து, "இதுவரைக்கும்?" என்றாள்.

"இல்ல."

கொஞ்சம் மேலே வைத்தாள். "இங்க?"

"இல்லியே."

"தோத்துட்டேன். சொல்லுங்க, சொல்லுங்க."

இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு தொழில்காரிக்கு வேறு ஒருத்தி கையை மறைத்துக் காட்டியதைவிடப் பெரிய வெற்றி ஏது? "கோடே கிடையாது கண்ணு. எல்லாம் ஒரே கை. மொத்தமும் பிரிச்சு, முதல்லேருந்து நானே போட்டேன்."

குட்டியின் விரல் நெஞ்சிலேயே நின்றது.

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"அப்ப அம்மா போட்டது?"

"நூல் இருக்குல்ல? உங்கம்மா நூத்த நூல்தான் பாதி. ஒரு இழை வீணாக்கல."

"அம்மா போட்டது எங்க?"

 இவள் முகத்தில் அப்போதுதான் விளங்கியது. விளங்கிய பிறகு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, நான் தரையைப் பார்த்தேன். பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினாள். "என் தங்கச்சி கையால போட்டதைக்கூட விட்டுவைக்கலையேடி பாவி! செத்தவளை மறுபடியும் சாகடிச்சியே!" இத்தனை நாள் தேடிய தழும்பு அவளுக்குக் கிடைத்துவிட்டது. மூட்டை எழுந்தார். இத்தனை வருடம் கட்டிவைத்த வாயை அவர் திறந்தது இதற்குத்தான்.

"நீ எதுக்கு இந்த வீட்டுக்கு வந்த?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். எதற்கு வந்தாள் என்று இவருக்குத் தெரியாதா? ஆள் வேண்டும், கை வேண்டும் என்று கூட்டிவந்தவர் இவர்தானே? இவர் கேட்ட கைதான் அத்தனையையும் பிரித்தது.

குட்டி அழவில்லை. அழுதிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கையை உயர்த்தி ஸ்வெட்டரைக் கழற்றினாள். கட்டிலில் வைத்து, கைகளை உள்ளே மடக்கி, கடையில் அடுக்குவது போல மடித்தாள். குளிரில் மெல்லிய சட்டையோடு நின்றுகொண்டு அதை இரண்டு கையாலும் இவளிடம் நீட்டினாள்.

"கோடு தெரியல. ரொம்ப நல்லா இருக்கு. கடையில குடுத்துடுங்க, அம்மா."

ரெண்டாவது வாங்கவில்லை.

"நல்லா முடிச்சாக் கூப்பிடுறேன்னு சொன்னேன்ல? பிடிங்கம்மா."

ஸ்வெட்டர் கடைக்குப் போனது. கடைக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஒரே கை. பிரமாதம்" என்று சொல்லி முன்னாலேயே தொங்கவிட்டாராம். யாரோ ஒரு குழந்தைக்கு வாங்கிப் போனார்கள். குட்டியின் கட்டிலுக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மா என்ற வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. "அம்மா, தண்ணி." "அம்மா, பென்சில்." "நேரமாச்சும்மா." டாக்டர் வாசலில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரல் இருக்கிறதே, அதே குரல். கோபம் இல்லை, ஏளனம் இல்லை, எதுவுமே இல்லை. ஒரு தடவை கேட்டவளுக்கு நாள் முழுக்கக் கிடைத்தது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். அந்த வீட்டில் கூரையைப் பிய்த்தது மட்டும்தான் நடந்தது.

தெருவுக்கு இது ஒன்றும் தெரியாது. "மாற்றாந்தாயை அம்மா அம்மான்னு எப்படிச் சுத்தி வருது பாரு. குணம்னா அந்தப் பொண்ணு குணம்" என்று மெச்சினார்கள். பெரியம்மாகூட நாளடைவில் அதைத் தன் வளர்ப்பாக்கிக்கொண்டாள். ரெண்டாவது என்ற பெயர் மெல்ல மறைந்துபோய், குட்டியோட அம்மா என்று ஆயிற்று. "கொடுத்துவெச்சவ நீ" என்று யாராவது சொன்னால் அவள் தலையாட்டுவாள். வேறு என்ன செய்வாள்? தான் கேட்டது கிடைக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் ரோம வேலையை விடவில்லை. வருடா வருடம் சுவர் மேல் ரோமம் காய்ந்தது, என் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பின்னல் மட்டும் இன்னும் இறுகிப்போய், கடைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டு முகம் சுளிக்கத் தொடங்கினார். குட்டி வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள். வேலைகளில் கூடமாட நின்றாள், ஒரு குறை வைக்கவில்லை. காய்ச்சலில் இவள் படுத்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, வேளை தவறாமல், "மாத்திரை போடுங்கம்மா" என்றாள். இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போன குளிர்காலத்துக்கு முன்னால் ஒருநாள், இருவரும் குழாயடியில் ரோமம் அலசிக்கொண்டிருந்தார்கள். நான் என் முறைக்காக வாளியோடு நின்றிருந்தேன். இவள் திடீரென்று நனைந்த ரோமத்தை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவள் உடையெல்லாம் வழிந்தது. நான் நிற்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

"கண்ணு, உன் கால்ல விழுந்து கேக்குறேன். என்னை அப்படிக் கூப்பிடாத. முன்ன மாதிரி எதுவும் சொல்லாம இரு. ரோமம் கழுவுற ஆளுன்னு சொல்லு. ரெண்டாவதுன்னு கூப்பிடு. எப்படி வேணா கூப்பிடு. அது மட்டும் வேணாம்."

குட்டி குழாயை மூடினாள். இவள் மடியிலிருந்த ரோமத்தை, கிளறாமல், சிந்தாமல், பதமாக அள்ளி வாளியில் போட்டாள். கையை உதறிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"சரிம்மா" என்றாள்.